கோடிட்ட இடம் காலி இடமன்று: வாகன நிறுத்துமிட விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: வாகன நிறுத்துமிடங்களுக்கான விதிகளை வகுப்போர், மாற்றுத்திறனாளிகளுக்கு நிறுத்த அனுமதி அட்டை வழங்குவோர், நிறுத்துமிடங்களைக் கட்டி நடத்துவோர் ஆகிய அனைவருக்கும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நான் சக்கர நாற்காலியில் இயங்குபவன். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையாலேயே இயக்கும்படி மாற்றியமைத்த காரை நானே ஓட்டிச் சென்று, நானே இறங்கி, வேலை முடிந்தபின் நானே ஏறித் திரும்பி வருகிறேன். இந்த மடலில் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். மற்றவையெல்லாம் அதன் கிளைகள். மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கப்படும் இடத்தை நீங்கள் 'வாசலுக்குப் பக்கத்தில் கிடைக்கும் இடம்' என்று எண்ணிக்கொண்டு விதி எழுதுகிறீர்கள். எங்களில் பலருக்கு அது முதலில் 'கதவைத் திறக்க முடிகிற இடம்'. பக்கத்தில் இருந்தால் நல்லதுதான். ஆனால் அரை கிலோமீட்டர் தள்ளி நிறுத்தினாலும் என் கைகள் சக்கரத்தை உருட்டிக்கொண்டு என்னை வாசலில் கொண்டுவந்து சேர்த்துவிடும். கதவு முழுதாகத் திறக்காவிட்டாலோ, வாசலை ஒட்டியே நிறுத்தியிருந்தாலும் நான் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

காரிலிருந்து இறங்கும்போது என்னதான் நடக்கிறது என்பதை, விதி எழுதும் மேசையில் அமர்ந்திருப்போரில் பலர் ஒரு முறைகூட நின்று பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதனால் சற்று விவரமாகவே சொல்கிறேன். முதலில் கதவை அதன் கடைசி எல்லைவரை தள்ளித் திறக்கிறேன். பக்கத்து இருக்கையில் கிடக்கும் நாற்காலியின் சட்டத்தை, என் மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையிலுள்ள சந்து வழியாகத் தூக்கி வெளியே தரையில் வைக்கிறேன். கழற்றி வைத்த சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அச்சில் செருகுகிறேன். 'க்ளிக்' என்று ஓசை கேட்டால்தான் பூட்டிக்கொண்டது என்று பொருள். பிறகு மெத்தையைப் போட்டு, நாற்காலியைக் கார் இருக்கையோடு சற்றுச் சாய்வாக ஒட்டி நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் பூட்டி, ஒரு கையை இங்கும் மறு கையை அங்குமாக ஊன்றி உடம்பைத் தூக்கி மாற்றுகிறேன். கடைசியாகக் கால்களைக் கையால் எடுத்து மிதிபலகையில் வைக்கிறேன். பதற்றமில்லாமல் செய்தால் நாலைந்து நிமிடம் ஆகும். இவ்வளவும் நடப்பதற்குக் காரின் பக்கவாட்டில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு, மேடுபள்ளமில்லாத, எந்தப் பொருளும் வைக்கப்படாத தரை வேண்டும். நிறுத்துமிடத்தை ஒட்டிச் சாய்கோடுகள் போட்டுக் குறித்திருக்கிறார்களே, அதுதான் அந்தத் தரை. பார்ப்பவர் கண்ணுக்கு அது காலி இடம். எனக்கோ அது காரின் ஒரு பாகம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மருத்துவமனை வளாகத்தில், பரிசோதனை முடிந்து களைத்துப்போய்க் காருக்குத் திரும்பினேன். என் காருக்கும் பக்கத்திலிருந்த காருக்கும் நடுவே ஓர் உள்ளங்கை அகலந்தான் இருந்தது. கோடுகளின்மேல் அச்சாக நிறுத்தியிருந்த அந்தக் காரின் உரிமையாளர், என் கார் மீது இடித்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் தம் பக்கக் கண்ணாடியை மடக்கியும் வைத்திருந்தார். ஒலிபெருக்கியில் வண்டி எண்ணை மூன்று முறை அறிவித்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வந்தவர் என்னைப் பார்த்ததும் உண்மையாகவே வருந்தினார். ஆனால் அவர் சொன்ன வார்த்தை இது: "நீல இடத்தில் நான் நிறுத்தவில்லையே, கோட்டில்தானே நிறுத்தினேன்." அவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அவர் அறிந்தவரை விதியை மதித்தே நடந்திருந்தார். நீலப் பலகையில் சக்கர நாற்காலிப் படம் இருந்தது. கோடிட்ட பகுதியைப் பற்றி அந்தப் பலகையில் ஒரு சொல்கூட இல்லை. தரையில் வண்ணம் பூசியவருக்கும் அது எதற்கென்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அகலத்தை எண்ணாகவே எழுதிவைத்த நாடுகள் உண்டு. அமெரிக்காவில் 1990இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் 2010இல் வெளியான வடிவமைப்புத் தரங்களின்படி, கார் நிறுத்தும் இடம் குறைந்தது 2440 மில்லிமீட்டர் அகலமும், அதை ஒட்டிய கோடிட்ட பகுதி 1525 மில்லிமீட்டர் அகலமும் இருக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்பலகை இறக்கி நாற்காலியோடு ஒருவரை வெளியே கொண்டுவரும் வேன்களுக்கு இந்த அளவு போதாது. அவற்றுக்கு நிறுத்துமிடத்தை 3350 மில்லிமீட்டராக அகலப்படுத்தலாம், அல்லது நிறுத்துமிடமும் கோடிட்ட பகுதியும் தலா 2440 மில்லிமீட்டர் இருக்கும்படி அமைக்கலாம். ஒதுக்கப்படும் இடங்களில் ஆறுக்கு ஒன்றாவது இப்படி வேனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதும் அதே தரத்தில் உண்டு. கோடிட்ட பகுதியில் வேறு வாகனம் நிற்கத் தயங்கும்படி அதைத் தெளிவாகக் குறியிட வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கிறது. எண்ணிக்கையைவிட எனக்கு அந்த வரிதான் பெரிதாகத் தெரிகிறது.

எண்ணிக்கை குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். அதே தரத்தில் பொதுவான நிறுத்துமிடங்களுக்கு 25 இடம்வரை ஒன்று, 100 இடத்துக்கு நான்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவுக்கு அந்தக் கணக்கு செல்லாது. அங்கே நோயாளிகளுக்கும் பார்வையாளர்களுக்குமான இடங்களில் நூற்றுக்குப் பத்து ஒதுக்க வேண்டும். நடமாட்டக் குறைபாடுகளுக்கான மறுவாழ்வு மையங்களிலும், வெளிநோயாளிகளுக்கான இயன்முறை மருத்துவ நிலையங்களிலும் அது நூற்றுக்கு இருபது. யார் வருகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் எத்தனை இடம் என்பது முடிவாக வேண்டும் என்னும் எளிய நியாயம் இதில் இருக்கிறது. கட்டடம் எதுவானாலும் ஒரே விழுக்காட்டைப் பெருக்கிப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் விதி, எழுதுவதற்கு எளிதாக இருக்கலாம். முதுகெலும்பு சிகிச்சைப் பிரிவின் வாசலில் காலை பத்து மணிக்கு அந்த விதி எப்படி இருக்கும் என்பதை ஒரு நாள் போய்ப் பார்க்கலாம்.

அகலத்துக்கு அடுத்தபடியாகச் சரிவு. இதை யாரும் பேசுவதில்லை. நிறுத்துமிடத்திலும் கோடிட்ட பகுதியிலும் தரையின் சரிவு 48க்கு 1 என்ற அளவைத் தாண்டக் கூடாது என்று நான் குறிப்பிட்ட தரம் சொல்கிறது. அதாவது, 48 அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் தரை இறங்கக் கூடாது. மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காகச் சற்றே சரித்துப் போட்ட தரை, நடந்து செல்பவருக்குத் தெரியவே தெரியாது. நான் காரினுள் இருந்துகொண்டு இரண்டாவது சக்கரத்தைச் செருகிவிட்டு மெத்தையை எடுக்கத் திரும்பும் அந்த நொடியில், நாற்காலி என்னை விட்டு மெதுவாக நகரத் தொடங்கும்போதுதான் அது தெரியும். ஒரு முறை அது ஆளில்லாமல் உருண்டுபோய் எதிரே இருந்த நடைபாதை விளிம்பில் இடித்து நின்றது. நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த வழியாகப் போகும் யாராவது என் கால்களை எனக்கு எடுத்துத் தர மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சரளைக்கல் பரப்பிய தரையிலும், பெயர்ந்துபோன பாவுகற்களிலும் இந்தச் சிக்கல் வேறு வடிவில் வரும். முன்சக்கரம் சிக்கிக்கொண்டால் நாற்காலி நகராது, நான்தான் முன்னே விழுவேன்.

இறங்கிய பிறகு வாசல்வரை போகும் வழி எங்கே போட்டிருக்கிறது என்பதையும் விதி கேட்க வேண்டும். பல இடங்களில் அது நிறுத்தியிருக்கும் கார்களின் பின்பக்கமாகப் போகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தலை, நிற்பவரின் தலையைவிட வெகுவாகத் தாழ்ந்தே இருக்கும். பின்னோக்கி எடுக்கும் ஓட்டுநர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் எங்களைப் பார்க்காமல் போகலாம். ஆகவே வழி கார்களின் முன்பக்கமாகவே போக வேண்டும். சாய்தளம் அந்தக் கோடிட்ட பகுதிக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அடித்தள நிறுத்துமிடங்களில் உயரமும் கணக்கு: கூரை உயர்த்திய வேன்கள் நுழைய 2490 மில்லிமீட்டர் வேண்டும். உயரத் தடுப்புக் கம்பியில் தடுத்து நிறுத்தப்பட்ட வேன், பின்னால் வரிசை கட்டி நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்க, மேலே திரும்பிப் போகும் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே நான்கு ஒதுக்கிய இடங்கள் காலியாகவே இருந்தன.

இனி, பாதுகாப்பு என்ற பெயரில் நடப்பதைச் சொல்கிறேன். ஒதுக்கிய இடத்தில் மற்றவர்கள் நிறுத்திவிடுகிறார்கள் என்று நாங்கள் முறையிட்டால், நிர்வாகம் செய்கிற முதல் வேலை அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பை வைப்பது, அல்லது சங்கிலி கட்டுவது. நல்ல நோக்கந்தான், மறுக்கவில்லை. ஆனால் தனியாக வரும் நான் அந்தக் கூம்பை அகற்ற வேண்டுமென்றால் காரிலிருந்து இறங்க வேண்டும். இறங்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். கண்ணாடியை இறக்கிக்கொண்டு காவலாளியைத் தேடிக் குரல் கொடுப்பதும், அவர் வாயிலில் வேறு வண்டிக்கு வழிவிட்டுக்கொண்டிருப்பதும் வழக்கமாகிவிட்டது. இரண்டு கால்களும் நலமாக உள்ளவர் இறங்கி, கூம்பை ஓரமாக வைத்துவிட்டு, நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார். கூம்பு தடுப்பது எங்களை மட்டுந்தான்.

அனுமதி அட்டைக்கு வருகிறேன். அட்டையிலும் பலகையிலும் உள்ள சக்கர நாற்காலிச் சின்னத்தை 1968இல் சூசன்னே கோஃபோட் என்ற டென்மார்க் நாட்டு வடிவமைப்பு மாணவி வரைந்தார். முதலில் அதில் தலை கிடையாது, நாற்காலி மட்டுந்தான். ஆளே இல்லாத நாற்காலியாக இருக்கிறதே என்று கார்ல் மோன்டான் என்பவர் மேலே ஒரு வட்டத்தைச் சேர்த்தார். 1969இல் பன்னாட்டு மறுவாழ்வு அமைப்பு அதை ஏற்றுக்கொள்ள, அது உலகம் முழுவதும் பரவியது. தெளிவான சின்னம், அரை நூற்றாண்டுக்கு மேலாக எங்களுக்கு உழைத்திருக்கிறது. அதன் பக்கவிளைவு, நாற்காலியில் வராதவருக்கு அந்த இடத்தில் உரிமையில்லை என்று பொதுமக்கள் உறுதியாக நம்பத் தொடங்கியதுதான்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார் நுரையீரல் நோயுள்ளவர். காரிலிருந்து இறங்கும்போது நிமிர்ந்துதான் நிற்பார், முதல் இருபது அடி சீராகத்தான் நடப்பார். அதன்பின் ஒரு தூணருகே நின்று, கைபேசியில் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்வார். மூச்சு திரும்பும்வரை அந்தப் பாவனைதான். அவர் அட்டையை முகப்புக் கண்ணாடியில் வைத்துவிட்டு இறங்குவதைப் பார்த்து, "நல்லாத்தானே நடக்குறீங்க" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்கள் தாங்கள் எங்கள் சார்பில் பேசுவதாக எண்ணியே கேட்டிருப்பார்கள் என்பதுதான் வேதனை.

தகுதி என்பது கண்ணுக்குத் தெரிவதை வைத்து முடிவாவதன்று என்பதை விதிகள் பொதுமக்களுக்கு முன்னரே கண்டுகொண்டன. அமெரிக்காவில் 1991இல் மாநிலங்கள் அனைத்துக்குமாக வகுக்கப்பட்ட ஒரே சீரான முறை, 200 அடி, அதாவது ஏறத்தாழ 61 மீட்டர், இடையில் நின்று இளைப்பாறாமல் நடக்க முடியாதவர் என்பதை ஓர் அளவுகோலாக வைத்தது. நுரையீரல் நோயால் மூச்சு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனவர், கையோடு ஆக்சிஜன் கொண்டு செல்பவர், கடுமையான இதய நோயுள்ளவர் ஆகியோரும் அதில் அடக்கம். எலும்பு முறிந்தவர், அறுவை சிகிச்சை முடிந்தவர் போன்றோருக்கு ஆறு மாதம்வரை செல்லும் சிவப்புத் தற்காலிக அட்டையும் அந்த முறையில் உண்டு. இங்கிலாந்தில் 2019 ஆகஸ்டு முதல், வெளிக்குத் தெரியாத குறைபாடுகளும் தகுதிக்குள் வந்தன: வாகனத்திலிருந்து இறங்கி நடக்கும்போது தமக்கோ பிறருக்கோ கடும் ஆபத்து விளையக்கூடியவர்களும், அந்த நடையே பெரும் மனத்துயரைத் தரக்கூடியவர்களும் அட்டை பெறலாம். கையை உதறிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே ஓடிவிடக்கூடிய ஆட்டிசக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நிறுத்துமிடத்தைக் கடந்த தாய் தந்தையர் இந்த விதியின் தேவையை உடனே புரிந்துகொள்வார்கள்.

அட்டை ஆளுக்கு வேண்டும், வண்டிக்கு வேண்டாம். இதை நான் வலியுறுத்திக் கேட்கிறேன். மாற்றுத்திறனாளிகளில் எல்லாருமே சொந்தமாக வண்டி வைத்திருப்பவர்கள் அல்லர். எல்லாரும் ஓட்டுபவர்களும் அல்லர். இன்று மகனின் காரிலும் நாளை வாடகைக் காரிலும் வரும் முதியவருக்கு, ஒரே ஒரு பதிவெண்ணோடு கட்டிப்போட்ட அட்டையால் என்ன பயன்? பிரிட்டனில் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்து, 1971இல் ஆரஞ்சு நிறத்தில் தொடங்கி, 2000 முதல் நீலமாக மாறிய அட்டை, ஆளோடு செல்வது. அவர் எந்த வண்டியில் வந்தாலும் செல்லும். ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் உறுப்பு நாடுகளுக்கு ஒரே மாதிரியான அட்டையைப் பரிந்துரைத்தது. ஒரு நாட்டில் வாங்கிய அட்டையை இன்னொரு நாடு மதிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பரிந்துரை போதவில்லை என்று கண்ட பிறகு, 2024இல் அதையே கட்டளைச் சட்டமாகக் கொண்டுவந்தது. எல்லை கடந்தும் ஓர் அட்டை செல்லும்போது, ஒரே நாட்டுக்குள் அடுத்த ஊரில் செல்லாது என்று சொல்லும் ஏற்பாடுகளுக்கு என்ன காரணம் சொல்ல முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

இந்த இடத்தில் புதுச் சிக்கல் ஒன்றும் முளைத்திருக்கிறது. நிறுத்துமிடங்கள் இப்போது பதிவெண்ணைக் கேமராவால் படித்துக் கட்டணமும் அபராதமும் போடுகின்றன. கேமரா வண்டியின் முன்தகட்டைப் பார்க்கிறது; டேஷ்போர்டில் இருக்கும் அட்டையைப் பார்ப்பதில்லை. அட்டை ஆளுக்கு, கண்காணிப்பு வண்டிக்கு என்றாகிவிட்ட இந்த இடைவெளியில் அபராதக் கடிதங்கள் வீடு தேடி வருகின்றன. முறையிட்டால் ரத்து செய்கிறார்கள்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் முறையிடும் வேலை யாருடையது? இயந்திரத்தை வாங்கும் ஒப்பந்தத்திலேயே அட்டை வைத்திருப்போரை எப்படி அடையாளம் காணும் என்ற கேள்வியைச் சேர்த்திருந்தால் இது வந்திருக்காது.

புதுப்பித்தலைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தொடைக்குக் கீழே கால் அகற்றப்பட்ட நண்பர் ஒருவர், புதுப்பிக்கும் படிவத்தில் 'குறைபாட்டின் தற்போதைய நிலை' என்ற கட்டத்தில் "கால் இன்னும் முளைக்கவில்லை" என்று எழுதி அனுப்பினார். படிவம் திரும்பி வந்தது. மருத்துவர் கையொப்பம் இல்லையாம். மாறக்கூடிய நிலை உள்ளவர்களை மறுபடி பாருங்கள், அது முறைதான். மாறாத நிலை என்று ஒரு முறை சான்று பெற்றவரை மீண்டும் மீண்டும் மருத்துவரிடமும் அலுவலகத்துக்கும் அலைக்கழிப்பது எந்த முறைகேட்டையும் தடுப்பதில்லை. அட்டை கேட்டு வருவோருக்கு, அட்டை வழங்கும் அலுவலகத்தின் வாசலிலேயே நிறுத்த இடமில்லாத வேடிக்கையையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

இனி நான் சொல்லப்போவது என் நண்பர்கள் சிலருக்கே பிடிக்காது. அட்டை வைத்திருந்தால் எங்கும் எவ்வளவு நேரமும் கட்டணமின்றி நிறுத்தலாம் என்ற ஏற்பாட்டை நான் ஆதரிக்கவில்லை. இடம் வேறு, பணம் வேறு. இரண்டையும் ஓர் அட்டையில் கட்டிவைத்தால், அகலம் தேவையில்லாதவர்களுக்கும் அட்டையின்மேல் ஆசை வந்துவிடுகிறது. பாட்டியின் அட்டையைப் பாட்டி இல்லாத காரில் வைத்துக்கொண்டு நகர மையத்தில் நாள் முழுவதும் நிறுத்துவோர் தேடுவது அந்தக் கோடிட்ட இடத்தை அன்று, கட்டண விலக்கைத்தான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1995இல் இதைப் பிரித்தது: ஒதுக்கிய இடம் அட்டை உள்ள அனைவருக்கும், கட்டண விலக்கு மட்டும் கட்டண இயந்திரத்தை உடலால் இயக்க இயலாதவர்களுக்கு. 2014 முதல் இலினாய் மாநிலமும் அதே வழியில் வந்தது. மாற்றுத்திறனாளிகளில் வறுமையில் உழல்வோர் மிகுதி, அவர்களுக்கு அரசு பணமாகவே உதவ வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. அந்த உதவி, கார் வைத்திருப்பவருக்கு மட்டும் போய்ச் சேரும் வழியில் ஏன் தரப்பட வேண்டும் என்பதே என் கேள்வி.

ஆனால் கட்டணம் கேட்பவர்களுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பணம் செலுத்தும் இயந்திரத்தின் பொத்தான்கள் உட்கார்ந்த நிலையில் எட்டும் உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1220 மில்லிமீட்டருக்குள், இருக்க வேண்டும். அதன் முன்னே நாற்காலி நிற்க இடம் வேண்டும். இயந்திரத்தைச் சுற்றி ஒரு மேடை கட்டி அதை 'பாதுகாத்து' வைக்கக் கூடாது. செயலி வழியேதான் கட்ட வேண்டும் என்றால் அந்தச் செயலியைப் பார்வையற்ற பயணியும் கை நடுக்கம் உள்ள ஓட்டுநரும் இயக்க முடிய வேண்டும். மின்சாரக் கார்களுக்கான சார்ஜிங் இடங்களில் இதே தவறு இன்னொரு முறை அப்படியே நடந்துகொண்டிருக்கிறது: கம்பி கனமாக இருக்கிறது, திரை உயரத்தில் இருக்கிறது, சுற்றிலும் தடுப்புக் கம்பங்கள் நாற்காலி நுழையாத இடைவெளியில் நிற்கின்றன. பிரிட்டனின் தர நிர்ணய நிறுவனம் 2022இல் இதற்கென்றே ஒரு விவரக்குறிப்பை வெளியிட்டது. புதிதாகக் கட்டுபவர்கள் அதைப் படித்துவிட்டுக் கட்டலாம். பின்னால் உடைத்துக் கட்டுவதைவிட அது மலிவு.

காரை மட்டுமே மனத்தில் வைத்து எழுதிய விதிகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பின்பக்கம் இரு துணைச் சக்கரங்கள் பூட்டிய ஸ்கூட்டரில் வருவோரை அவை மறந்துவிட்டன. ஸ்கூட்டர் என்பதால் இருசக்கர வாகனங்களின் வரிசைக்கு அனுப்புகிறார்கள். அந்த வரிசையில் கைப்பிடியோடு கைப்பிடி உரச நிற்கும் வண்டிகளுக்கு நடுவே, ஊன்றுகோலை ஊன்ற ஓர் அடி இடமும் கிடையாது; துணைச் சக்கரத்தின் அகலத்தால் வண்டி அந்தச் சந்தில் நுழையவே நுழையாது. ஒதுக்கிய கார் இடத்தில் நிறுத்தினால், 'இது கார்களுக்கு' என்று காவலாளி விரட்டுகிறார். பக்கவாட்டில் இடம் விட்ட, கூரையுள்ள, வாசலுக்கு அருகான இரண்டு மூன்று இடங்கள் அவர்களுக்கென்று தனியே வேண்டும்.

இவை எவையும் புதிய கோரிக்கைகள் அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006 டிசம்பரில் நிறைவேறி, 2008 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. அணுகல் பற்றிய அதன் 9ஆம் உறுப்பையும், சொந்த நடமாட்டம் பற்றிய 20ஆம் உறுப்பையும் ஏற்றுக் கையொப்பமிட்ட நாடுகள் 180க்கும் மேல். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பேருந்து நிறுத்தங்களிலும் ரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் நிறுத்துமிடங்கள் அணுகல் தரத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே கூறுகிறது. ஆனாலும் தரங்கள் வெறும் வழிகாட்டுதல்களாகவே கிடந்ததால், 2024 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்து, அதற்கு முரணாக இருந்த விதியைச் செல்லாது என்று அறிவித்தது. 'இருத்தல் நன்று' என்று எழுதிய விதியைக் கட்டுநர் ஒருவரும் கட்டியதில்லை என்பது என் அனுபவம். 'இல்லாவிட்டால் நிறைவுச் சான்று இல்லை' என்று எழுதிய விதி கட்டப்பட்டுவிடுகிறது.

ஆகவே நான் உங்களிடம் கேட்பவை இவை. உங்கள் விதியில் ஒதுக்கிய இடங்களின் எண்ணிக்கைக்கு மேலே, கோடிட்ட பகுதியின் அகலத்தையும் சரிவையும் எண்ணால் எழுதுங்கள். அந்தப் பகுதியில் நிறுத்துவதும் ஒதுக்கிய இடத்தில் நிறுத்துவதும் ஒரே குற்றம், ஒரே அபராதம் என்று தனி வரியில் சொல்லுங்கள். பலகையிலும் அதைச் சொல்லுங்கள். தள்ளுவண்டி, பூந்தொட்டி, ஜெனரேட்டர், இருசக்கர வாகனம் ஆகிய எதையும் அங்கே வைக்கக் கூடாது என்பதையும் பெயர் பெயராக எழுதுங்கள், ஏனென்றால் 'காலியாக இருந்தது' என்ற பதிலை நான் அலுத்துப்போகும் அளவுக்குக் கேட்டுவிட்டேன். கூம்பும் சங்கிலியும் வைப்பதென்றால், வருபவர் காரிலிருந்தபடியே அழைத்ததும் வந்து எடுக்க ஓர் ஆள் அங்கேயே இருக்க வேண்டும். அட்டையை ஆளுக்குக் கொடுங்கள், கேமராவுக்கு அதைக் கற்றுக்கொடுங்கள். மாறாத நிலைக்கு ஒரு முறைச் சான்று போதும் என்று விடுங்கள்.

புதிதாக அனுமதி கேட்டு உங்கள் மேசைக்கு வரும் அடுத்த கட்டட வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நீல இடத்தின் பக்கத்தில் சாய்கோடுகள் போட்டிருக்கிறார்களா, அதன் குறுக்கே ஓர் அளவு எழுதியிருக்கிறதா, அந்தக் கோடுகளுக்கு நடுவே ஒரு தூண் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். தூண் இருந்தால் வரைபடத்தைத் திருப்பி அனுப்புங்கள். என் கதவு அந்தத் தூணில்தான் இடிக்கப்போகிறது.

இப்படிக்கு,
சக்கர நாற்காலியில் இயங்கும், தம் காரைத் தாமே ஓட்டும் அனுமதி அட்டைதாரர் ஒருவர்